செசிலியாவின் கல்லில் அமராவதி

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லாம் என் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் கதைக்கு உரியவரே இதை டைப் செய்துகொண்டிருப்பதால் அந்த வசதி எனக்கு இல்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், அரசு அலுவலகங்களுக்கு மனுவோடு போகிறவர்கள் நின்று நகலெடுக்கும் கடைகளில் ரோசியின் கடையும் ஒன்று. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. ரோசிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் கையெழுத்தைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். பல வருடமாக என் கதைகளை அவரிடம்தான் கொடுக்கிறேன். டைப் செய்வாரே தவிர, கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த வருடம், 2012 செப்டம்பரில், ஒரு கதையை வாங்கிப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இதுலயும் ஒருத்தர் செத்துப் போறாரு. செத்தப்புறம் என்ன ஆவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

ஆன்மா, சொர்க்கம் என்று ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அதில்ல சார். மேல வெக்கிற கல்லு யாருக்குச் சொந்தம்னு கேக்குறேன்."

தெரியவில்லை என்றேன். அவர் சொன்னார். நான் எழுதினேன். எழுதியதை அவரிடமே கொடுத்தேன். திரும்பி வந்த பக்கங்களைப் பார்த்தால், நான் பேனாவால் அடித்துவிட்ட வரிகளும் சேர்ந்து வந்திருந்தன.

"அடிச்சதையுமா அடிச்சீங்க?" என்றேன்.

"எது எதெல்லாம் வேணாம்னு நெனச்சீங்கன்னு தெரிய வேணாமா" என்றார்.

போதாததற்கு, அங்கங்கே சதுர அடைப்புக்குள் அவருடைய குறிப்புகளும் இருந்தன. எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். படித்துப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. ஆகவே, சதுர அடைப்புக்குள் வருவது ரோசி. மற்ற பிழைகளுக்கு நான் பொறுப்பு.

2

தொடக்கத்துக்கு என்னிடம் இரண்டு வரிகள் இருந்தன.

(அடித்தது) தானே புயல் கரையைக் கடந்த அந்த விடியலில், கல்லறைத் தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரம் காயம்பட்ட யானையைப் போல —

(அடித்தது) மரணம் மனிதர்களைப் பிரிக்கிறது, கற்களோ —

[ரெண்டாவது வரி என்ன சொல்ல வருதுன்னு எனக்குப் புரியல. அப்பிடியே விட்டுட்டேன்.]

எனக்கும் புரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2011 டிசம்பர் கடைசியில் அடித்த புயலில் கடலூரில் பலா, முந்திரி, வேம்பு என்று பார்க்காமல் எல்லாம் சாய்ந்தன. ரோசியின் கடைக்கூரையில் இருந்த தகரம் பக்கத்துத் தெருவில் கிடந்தது. கரண்ட் வர நாளாகும் என்றார்கள். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனபின், அடுத்த வேலையாக ரோசி போனது கல்லறைத் தோட்டத்துக்கு.

அவர் கணவர் லூர்துசாமி பஸ் கண்டக்டராக இருந்தவர். 2008இல் இறந்தார். அவரை அடக்கம் செய்த புதிய கல்லறைத் தோட்டத்தில் சேதம் ஒன்றுமில்லை. அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டு, ரோசி துறைமுகம் போகிற பக்கம் இருக்கும் பழைய தோட்டத்துக்கு நடந்தார். அங்கே யாரையும் புதைத்துப் பல வருடமாகிறது. லூர்துசாமியின் முதல் மனைவி செசிலியா அங்கேதான் இருக்கிறார். 1979இல் மஞ்சள் காமாலையில் போனவர். ரோசி அவரைப் பார்த்ததில்லை. ரோசிக்குக் கல்யாணம் ஆனதே அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான்.

மதில் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரம் ஒரு வரிசை முழுக்க விழுந்து கிடந்தது. செசிலியாவின் கல் இரண்டாக உடைந்திருந்தது. சிலுவையும் பேரும் இருந்த மேல் பாதி குப்புறக் கிடந்தது. கீழ்ப் பாதி அடிமரத்துக்குக் கீழே நொறுங்கித் தூளாகியிருந்தது.

ரோசி மேல் பாதியைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. மகன் சகாய ஆனந்துக்குப் போன் செய்தார். அவன் நெய்வேலியில் வேலை பார்க்கிறான்.

"ஊரே விழுந்து கெடக்குது, நீ அங்க என்னம்மா பண்ற?" என்றான் அவன்.

"வரப்ப நாலு சவுக்குக் கழி எடுத்துட்டு வா" என்றார் ரோசி.

மறுநாள் இருவருமாக நான்கு மூலையிலும் கழி நட்டார்கள். இடம் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதுதான் அப்போதைக்கு இருந்த ஒரே கவலை.

3

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. கணவனின் முதல் மனைவியின் கல்லுக்காக ஒரு பெண் ஏன் இத்தனை அலைய வேண்டும்? வாசகர் கேட்பாரே.

(அடித்தது) ரோசியின் நெஞ்சில் முப்பது வருடமாகக் கனன்றுகொண்டிருந்த குற்றவுணர்வு —

(அடித்தது) மரணப் படுக்கையில் லூர்துசாமி அவள் கையைப் பிடித்து வாங்கிய சத்தியம் —

[அவரு சத்தியம்லாம் வாங்கல. மாரடைப்பு. பேசவே நேரம் இல்ல. குற்றவுணர்வுக்கு நான் என்ன குத்தம் பண்ணேன்?]

பேனாவை மூடிவைத்துவிட்டு நேராகவே கேட்டேன். பொறாமை இருந்ததா?

"இருந்துச்சு சார், இல்லன்னு சொல்லல. கல்யாணம் ஆன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நானும் வருவேன்னு அடம் புடிச்சுப் போனேன். அவரு எவ்ளோ நேரம் நிக்கிறாருன்னு பாக்கத்தான் போனேன். நாலஞ்சு வருஷம் அப்பிடி இருந்துச்சு. அப்பறம் பையன் பொறந்தான். அதுக்கெல்லாம் நேரம் இல்ல."

"பிறகு?"

"எல்லாக் கல்லுகிட்டயும் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சின்னு பத்து பேரு நிப்பாங்க. அங்க மட்டும் அவரும் நானும்தான். பொறந்த வீட்டுலருந்து ஒரு ஆளு வந்து நான் பாத்ததில்ல. இப்ப அவரும் இல்ல. அந்தம்மாவத் தெரிஞ்ச ஆளுன்னு மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான். நானும் மூஞ்சிய பாத்ததில்ல."

இதற்கு மேல் எனக்குக் காரணம் தேவைப்படவில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் பக்க ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

4

கல்லை நிமிர்த்தி வைக்க அனுமதி வேண்டும் என்பதே ரோசிக்கு முதலில் தெரியாது. ஆயிரம் பேருடைய மனுவை நகலெடுத்தவருக்குத் தன் வீட்டுக் கல்லுக்கு ஒரு மனு தேவைப்படும் என்று தோன்றவில்லை.

சர்ச்சுப் பங்குத் தந்தை இளைஞர். பொறுமையாகத்தான் சொன்னார். "தோட்டத்துச் சாவி நம்மகிட்ட இருக்கும்மா. நெலம் நகராட்சிக் கணக்குல இருக்கு. ஒரு காலத்துல யாரோ மிஷனுக்குக் குடுத்தது, அந்த மிஷன் இப்ப இல்ல. கல்லு அந்தந்தக் குடும்பத்துது. நகராட்சியில போய்க் கேட்டுட்டு வாங்க."

நகராட்சியில் இருந்தவரும் மரியாதையாகவே பேசினார். "விழுந்த மரம் எங்களுது, அத எடுத்துக்குறோம். கல்லுல நாங்க கை வெக்க மாட்டோம். ஆட்சேபணை இல்லைன்னு பங்குலருந்து எழுதி வாங்கிட்டு வாங்க, நாங்களும் குடுத்துடறோம்."

ரோசி திரும்பவும் பங்குக்குப் போனார். இப்போது தந்தை கொஞ்சம் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரெண்டாவது மனைவி. போன வருஷம் இதே மாதிரி ஒரு கல்ல மாத்தி, எங்க அக்கா கல்ல எவன் தொட்டான்னு சொந்தக்காரங்க வந்து, போலீஸ் வரைக்கும் போச்சு. செசிலியாவோட பொறந்த வீட்டுல யாராவது ஒருத்தர் சம்மதம்னு கையெழுத்துப் போட்டா எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

"அவுங்க முப்பது வருஷமா எட்டிக்கூடப் பாக்கல, ஃபாதர்."

"அதனாலதாம்மா கேக்குறேன். பாக்காதவங்களுக்குத்தான் கோவம் ஜாஸ்தி வரும்."

மரத்தை அறுத்து எடுத்ததும் இடிபாடுகளை வாரித் தரையைச் சமன் செய்வார்கள். யாரும் கேட்டு வராத உடைந்த கற்களை மதில் ஓரம் அடுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு எந்த மண்ணில் யார் என்று சொல்ல முடியாது. கோடை முடிவதற்குள் வந்துவிடுங்கள் என்றார் தந்தை.

5

செசிலியாவின் அண்ணன் திருநாவுக்கரசுக்குச் சிதம்பரம் மேலவீதியில் பாத்திரக் கடை. எப்போதோ ஒரு கல்யாணத்துக்குப் போனபோது லூர்துசாமி எதிர்ச்சாரியில் நின்று காட்டிய கடை. தங்கை வேறு மதத்தில் கட்டிக்கொண்டு போனபின் அந்த வீடு அவளைத் தலைமுழுகிவிட்டது. சாவுக்கும் வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு நாள் ரோசி பஸ் ஏறினார். கடைக்குள் போனபோது திருநாவுக்கரசு ஒரு எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் கொர்ரென்று ஓடியது. நிமிர்ந்து பார்க்காமலே, "என்ன வேணும்மா, பேரு எதுவும் வெட்டணுமா?" என்று கேட்டார்.

"நான் கடலூர்லருந்து வர்றேன் சார். லூர்துசாமி வீட்டுல."

மெஷின் நின்றது.

(அடித்தது) "வெளியே போ" என்று கர்ஜித்தார் திருநாவுக்கரசு. அவருடைய முறுக்கு மீசை துடிக்க —

[அவருக்கு மீசையே இல்ல சார். உள்ள கூட்டிட்டுப் போயி காபி குடுத்தாங்க.]

காபி கொடுத்தார்கள். கடைக்குப் பின்னாலேயே வீடு. திருநாவுக்கரசின் மனைவி லோகநாயகி டம்ளரை வைத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டார். ரோசி விஷயத்தைச் சொன்னார்: மரம் விழுந்தது, கல் உடைந்தது, பிறந்த வீட்டுச் சம்மதம் வேண்டும்.

"கல்லுல என்ன பேரு இருக்குது?" என்றார் திருநாவுக்கரசு.

"செசிலியான்னு இருக்குது சார்."*

"அந்தப் பேர்ல எங்க வீட்டுல யாரும் பொறக்கவும் இல்ல, சாவவும் இல்ல. யாரோ ஒருத்தருக்கு நான் எப்பிடிம்மா கையெழுத்துப் போடுவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. இந்தக் குடத்துக்கு இந்த மூடி சேராது என்று வாங்க வந்தவரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். அதுதான் ரோசிக்குக் கஷ்டமாக இருந்தது. கோபத்துக்குப் பதில் சொல்லத் தயாராக வந்திருந்தார்.

"அப்ப உங்க வீட்டுல பொறந்தவங்க பேரு என்னன்னு நீங்க சொல்லுங்க சார்."

திருநாவுக்கரசு வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. ஊரில் உள்ள எல்லோருடைய பேரையும் குடத்திலும் தட்டிலும் வெட்டிக் கொடுக்கிற மனிதர், மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அமராவதி" என்றார் லோகநாயகி, வாசலில் இருந்து. "நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன். அமராவதி."

சொல்லிவிட்டு வந்து ரோசியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் கல்யாணம் ஆகி வந்தப்ப அவ வேலைக்குப் போய்ட்டிருந்தா. கடலூர்ல டீச்சர். தெனம் பஸ்ஸு. எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தது அவதான். அண்ணாமலை நகர் ரோட்டுல. புடிச்சிட்டுத்தான் வர்றேன் அண்ணி, புடிச்சிட்டுத்தான் வர்றேன் அண்ணின்னு சொல்லிக்கிட்டே எப்பவோ கைய விட்டுட்டா. நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன். திரும்பிப் பாத்தா, நடு ரோட்டுல குந்திக்கிட்டுச் சிரிக்கிறா."

ரோசிக்கு முப்பது வருடமாகச் செசிலியா ஒரு கல்தான். சிரிப்பார் என்றே அன்றுதான் தெரிந்தது.

திருநாவுக்கரசு காபி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். "அமராவதின்னு கல்லுல வரட்டும். வந்தப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

"நீங்க போட்டாத்தான் சார் கல்லத் தொடவே விடுவாங்க."

"அது அவுங்க பாடு" என்று எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

* கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றபோது வைத்த பேர். வீட்டில் லூர்துசாமி அவரை எப்படிக் கூப்பிட்டார் என்று கேட்டேன். [எங்கிட்ட பேசறப்ப "அவ"ன்னுதான் சொல்லுவாரு. நான் கேட்டதும் இல்ல. கேட்டிருக்கலாம்.]

6

தெருமுனை வரை லோகநாயகி கூடவே வந்தார்.

"கீழ்ப் பாதி தூளாப் போச்சுன்னு சொன்னியே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"சமாதானத்தில் இளைப்பாறுகன்னு இருந்துச்சுக்கா."

"அமராவதின்னுதான் இருந்துச்சுன்னு சொல்லிடேன். இருந்தத திரும்ப எழுதுறதுக்கு யாரு என்ன சொல்லுவாங்க? இனிமே யாரு போயிப் பாக்கப் போறா?"

"நான் பாத்திருக்கேனேக்கா."

லோகநாயகி நின்றார். "அக்கா என்ன அக்கா. அவ எடத்துக்கு வந்தவ நீ. எனக்கு நாத்தனார் மொறை. அண்ணின்னு கூப்புடு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ரோசி அந்த யோசனையைப் புரட்டிக்கொண்டே வந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. நொறுங்கிப்போன பாதிக் கல், யாருக்கும் தெரியாத வாசகம், நல்ல நோக்கத்துக்காக ஒரு பொய். இதைவிட ஒரு கதாசிரியனுக்கு என்ன வேண்டும்?

(அடித்தது) "கீழே அமராவதி என்றுதான் இருந்தது, ஃபாதர்" என்றார் ரோசி. அவர் குரலில் சிறு நடுக்கம் —

[நான் அப்பிடிச் சொல்லல. இத மட்டும் எடுத்துடுங்க சார்.]

"பொய் சொன்னால் கதை நன்றாக இருக்கும்" என்று வாதாடினேன்.

"கதை நல்லாத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழம பூசைக்கு நான்தான சார் போவணும்."

அவர் சொன்னது இது: "கீழ சமாதானத்தில் இளைப்பாறுகன்னு இருந்துச்சு, ஃபாதர். அந்த எடத்துல அமராவதின்னு எழுதணும். அப்பிடி எழுதுனாத்தான் அவுங்க அண்ணன் கையெழுத்துப் போடுவாராம். நீங்க கையெழுத்து வந்தாத்தான் எழுத விடுவீங்க. நான் நடுவுல நிக்கிறேன்."

தந்தை அதைச் சபைப் பெரியவர்கள் கூடும் பங்குப் பேரவையில் வைத்தார். ஒரு பெரியவர் எழுந்து, பழைய பேரைக் கல்லறையில் எழுதினால் நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பார்கள் என்றார். மரியாதைக்குரிய மனிதர், அவருக்கும் பயம்தான். தந்தை கேட்டார்: "அமராவதிங்கறது ஆறு. காவேரில போய்ச் சேருது. ஆத்தோட பேருல என்ன தப்பு இருக்கு?" அவரே தொடர்ந்தார். "அப்பறம், இளைப்பாறுகன்னு சொன்னா யாருக்குச் சொல்றோம்னு தெரிய வேணாமா? அவுங்க அண்ணன் எந்தப் பேரச் சொன்னாத் திரும்பிப் பாப்பாரோ, அதுவும் அவுங்க பேருதான்."

"அப்ப கையெழுத்து?" என்றார் பெரியவர்.

"பாத்துட்டுத்தான் போடுவேங்கிறாரு. சரி, வந்து பாக்கட்டும். முப்பது வருஷமா வராதவர் பாக்க வர்றதே பெருசு. போலீஸ் வந்தா நான் பேசிக்கறேன்."

தந்தையின் கடிதத்தைப் பார்த்து நகராட்சியிலும் எழுதிக் கொடுத்தார்கள். உடைந்த பகுதியைப் புதுப்பிக்க ஆட்சேபணை இல்லை. அவ்வளவுதான்.

7

கல் வேலை செய்தவர் ஆண்டி. பழைய மேல் பாதியோடு புதிய கீழ்ப் பாதியை இணைத்து, நான்கு சவுக்குக் கழிக்கும் நடுவில் நிறுத்தினார். ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை காலை. சிதம்பரத்துக்கு ரோசி போன் செய்திருந்தார். கடைப் பையன்தான் எடுத்தான். சொல்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

பத்து மணிக்கு மேல் ஆகியும் யாரும் வரவில்லை. "வர மாட்டாங்கம்மா" என்றான் ஆனந்த். வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. முதலில் லோகநாயகி இறங்கினார். பின்னால் திருநாவுக்கரசு, வெள்ளை வேட்டி சட்டையில், யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவர் போல.

நேராகக் கல்லுக்கு வந்தார். மேலே இருந்த சிலுவையைப் பார்த்தார். செசிலியா என்ற பேரைத் தாண்டிக் கீழே வந்தார். மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, அ, ம என்று ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டினார். பாதியில் விரல் நின்றது.

"ராவுக்குக் கால் கொஞ்சம் நீட்டமாப் போச்சு" என்றார்.

ஆண்டி பதறிவிட்டார். "தேச்சு சரி பண்ணிடட்டுங்களா ஐயா?"

"வேணாம். இருக்கட்டும்."

அதற்குப் பிறகும் விரலை எடுக்கவில்லை. யாரும் பக்கத்தில் போகவில்லை. சம்மதக் கடிதத்தை ஆனந்தின் பைக் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

லோகநாயகி பையிலிருந்து ஒரு புதுப்புடவையை எடுத்துக் கல்லின் மேல் விரித்தார். பிறந்த வீட்டுக் கோடி. சாவு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டியது. இதை எழுதலாமா, கொஞ்சம் மிகையாகத் தெரியுமோ என்று எனக்குத் தயக்கம்.

[நடந்தது சார். பச்சைக் கலரு. காத்துல பறக்குதுன்னு நாலு மூலைலயும் கல்லு வெச்சோம். நீங்க எழுதுனாலும் எழுதாட்டியும் நடந்தது.]

8

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கிளம்பும்போது, கல்லைப் பார்க்க வந்திருந்த தந்தை ஒன்று கேட்டார். பழைய தோட்டத்தில் இனி ஒவ்வொரு கல்லுக்கும் பொறுப்பாளர் என்று ஒருவர் பேரைப் பங்கில் குறித்து வைக்கப் போகிறார்கள். அடுத்த புயலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டுமல்லவா. இந்தக் கல்லுக்கு யார் பேர்?

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் திருநாவுக்கரசு, "ரோசி பேரப் போடுங்க" என்கிறார். அழகாக இருந்தது, அழகு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இரண்டாவதில் ரோசி விட்டுக்கொடுத்து அண்ணன் பேரைச் சொல்கிறார். மூன்றாவதில் ஆனந்த், தன் பேரைப் போடச் சொல்லி —

(அடித்தது) அந்த ஒரு கணத்தில் இரண்டு குடும்பங்களும் —

[மூணும் இல்ல சார். அண்ணன் நான் சொல்லணும்னு பாத்தாரு. நான் அவரு சொல்லட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள சிதம்பரம் பஸ்ஸுக்கு நேரம் ஆயிடுச்சு. கல்லறைத் திருநாளுக்கு வர்றோம், அப்பப் பேசிக்கலாம்னு போய்ட்டாங்க. ஃபாதர் அந்த எடத்த காலியா விட்டு வெச்சிருக்காரு.]

இன்று அக்டோபர் இருபத்தொன்பது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை ரோசி என் எதிரிலேயே டைப் செய்துகொண்டிருக்கிறார். இன்னும் சில நிமிடத்தில் கரண்ட் போய்விடும். இந்த வருடம் முழுக்க எங்களுக்குப் பாதி நாள் இருட்டுதான். கடைசி வரி என்ன என்று கேட்கிறார். நடக்காத ஒன்றை எப்படி முடிப்பது? அவர்கள் வருவார்களா என்பதே எனக்குத் தெரியாது. வருவார்கள் என்று எழுதிவிடட்டுமா என்றேன். வேண்டாம், வந்தால் வரட்டும் என்கிறார்.

[சார் இன்னும் கடைசி வரிய யோசிச்சிட்டு உக்காந்திருக்காரு. கரண்ட் போச்சு, யு.பி.எஸ். கத்துது. அதனால நானே அடிக்கிறேன். வர்ற வெள்ளிக்கிழம ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். சிதம்பரத்துலருந்து காலையில போன் வந்துச்சு, அண்ணிதான் பேசுனாங்க, எத்தினி மெழுகுவத்தி வாங்கறதுன்னு கேட்டாங்க. படிக்கிறவங்க யாராவது வர்றதா இருந்தா நாலு மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்ன வெயில் ஜாஸ்தி. வந்து யார் பேரப் போடலாம்னு நீங்களும் சொல்லுங்க. மெழுகுவத்தி வாசல்லயே கெடைக்கும்.]